ஈபி பில்லில் தொடங்கி நாட்டின் கரிக்கணக்கு வரை: எங்கே குறைத்தால் உண்மையில் குறையும்?

2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் அம்மா கட்டில்மேல் பெஞ்ச், பெஞ்சுமேல் அரிசி மூட்டை என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானதாகச் செய்தி வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு கிடையாது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். அந்த மழை முழுக்கப் பருவநிலை மாற்றத்தால்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை கிட்டத்தட்ட ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது ஏன் என்று ஓரளவு புரியும்.

வெள்ளம் வடிந்த பிறகு குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தப்பா கேட்டார்: “சரி, இதுக்கு நாம என்னதான் செய்யணும்? ஒரு லிஸ்ட் போடு.” ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். மரக்கன்று நடலாம், மஞ்சப்பை எடுத்துப் போகலாம், ஸ்ட்ரா வேண்டாம். எல்லாம் நல்ல காரியம்தான், செய்யுங்கள். ஆனால் பிளாஸ்டிக் குப்பை என்பது வேறு கணக்கு, கரியமில வாயு வேறு கணக்கு. ஸ்ட்ராவை விட்டுவிட்டு நிலக்கரிக்கு ஈடுகட்டப் பார்ப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் நான் லிஸ்ட் போடவில்லை, கணக்குப் போட்டேன். ஒரு நோட்டு, கடைசி ஆறு ஈபி பில், போனில் இருக்கிற கால்குலேட்டர், அரை மணி நேரம் போதும்.

முதலில் நாட்டுக் கணக்கு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எங்கே பெரிய ஓட்டை என்று தெரியாமல் சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டே இருப்போம்.

இந்தியா 2024 கடைசியில் ஐநாவுக்குக் கொடுத்த அறிக்கையின்படி, 2020ஆம் ஆண்டில் நாடு வெளியேற்றியது சுமார் 296 கோடி டன். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு எல்லாவற்றையும் கரியமில வாயுவின் கணக்குக்கு மாற்றிச் சேர்த்த தொகை இது. இதில் எரிசக்தி 76 சதவீதத்தை ஒட்டி, விவசாயமும் கால்நடையும் 14, சிமெண்ட், இரும்பு மாதிரியான தொழில்களின் உற்பத்தி முறையிலிருந்தே வருவது 8, குப்பையும் கழிவுநீரும் இரண்டரை. மின்சாரம் தயாரிப்பதில் மட்டும் மொத்தத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம். காடும் மரமும் திரும்ப உறிஞ்சிக்கொண்டது, கரியமில வாயுவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், 22 சதவீத அளவு.

அந்த 40 சதவீதத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

அப்புறம், அரசாங்கம் சொல்கிற இலக்குகளைப் படிக்கத் தெரிய வேண்டும். 2030க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்றால் வெளியேற்றம் பாதியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 2005ஐ வைத்துப் பார்க்கும்போது, ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் எவ்வளவு வாயு என்ற விகிதம்தான் 45 சதவீதம் குறையும். பொருளாதாரம் வளர வளர மொத்த டன் ஏறிக்கொண்டே போகலாம், இலக்கும் நிறைவேறிவிடும். சம்பளம் மூன்று மடங்கு ஆனவர் “சம்பளத்தில் டீக்கடைச் செலவின் பங்கைப் பாதியாக்கிவிட்டேன்” என்றால், பொய்யில்லை, ஆனால் முன்பைவிட அதிகம் டீ குடிக்கிறார். ஏழை நாடு வளரத்தானே வேண்டும் என்பதும் நியாயம்தான். நம் ஆட்கள் தலைக்கு வருஷத்துக்கு 2 டன் அளவில்தான் வெளியேற்றுகிறோம், அமெரிக்கர் 14 டன்னை ஒட்டி. நியாயம் இருக்கிறது என்பதற்காக எண்ணைத் தப்பாகப் படிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, “மின்நிலையங்களில் பாதி இப்போது பசுமை” என்கிற செய்தி. 2025இல் நிறுவுதிறனில் (நிலையங்கள் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு தர முடியும் என்கிற அளவு) பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாததாக மாறியது நிஜம், அது சின்னச் சாதனையும் இல்லை. ஆனால் நிறுவுதிறன் வேறு, ஓடிவருகிற யூனிட் வேறு. ஒரு கிலோவாட் சோலார் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். அதே ஒரு கிலோவாட் நிலக்கரி நிலையம் ராத்திரியும் பகலும் ஓடி 15 யூனிட்டுக்கு மேல் தரும். அதனால் நமக்கு வருகிற மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கை ஒட்டி இன்னும் நிலக்கரிதான். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இந்த இடத்தில்தான் நடக்கும், கவனமாக இருங்கள். நிகரப் பூஜ்ஜியம், அதாவது வெளியேற்றுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாகிற நிலை, இதற்கு 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா சொன்ன வருஷம் 2070. அதுவரை நம் தலையில் என்ன பெய்யும் என்பதுதான் கேள்வி.

இப்போது வீட்டுக் கணக்கு

ஞாபகம் வைத்துக்கொள்ள நான்கே எண்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, டீசலுக்கு 2.7. வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ.

சித்தப்பா வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். நாலு பேர், இரண்டு மாத பில்லில் 520 யூனிட். அப்படியானால் 364 கிலோ, வருஷத்துக்கு ஆறு பில், 2.2 டன். வருஷத்துக்கு ஒன்பது சிலிண்டர், 380 கிலோ. ஸ்கூட்டருக்கு மாதம் 10 லிட்டர், வருஷத்துக்கு 276 கிலோ. எல்லாம் சேர்த்து மூன்று டன்னுக்குள். டெல்லியில் கல்யாணம் என்று தம்பி விமானத்தில் போய் வந்தானே, அது ஒரு ஆளுக்கு 300 கிலோ அளவில், அதாவது சித்தப்பாவின் ஒரு வருஷ ஸ்கூட்டரை ஒரே வாரத்தில் தாண்டிவிட்டான். (குழுவில் இதைப் போட்டதும் தம்பி இரண்டு நாள் பேசவில்லை.)

உங்கள் எண்ணைப் போட்டுவிட்டீர்களா? பெரும்பாலான வீட்டில் ஈபி பில்தான் முதலிடத்தில் வரும். அங்கிருந்தே தொடங்குவோம்.

ஃபேன். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் நம் ஊரில் பகலும் இரவும் ஓடுவது அதுதானே. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடுகிற மூன்று ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் எப்படி என்றால், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, முன்னால் சலுகை விலையில் கிடைத்த யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். 520இல் இருப்பவர் 420க்கு இறங்கினால் ஃபேனுக்குப் போட்ட காசு எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் குண்டு பல்பு, பழைய டியூப்லைட் மிச்சம் இருந்தால் அதையும் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

ஏசி பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள், ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் உள்ளே இருக்கிற கேஸ். பழைய ஏசிகளில் ஆர்-22, அதற்கடுத்து வந்த பலவற்றில் ஆர்-410ஏ. இந்த ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். சித்தப்பா வீட்டு ஒரு வருஷ ஈபி பில் முழுக்க, பத்து நிமிஷத்தில், சத்தமே இல்லாமல்! இரண்டு வருஷம் முன்னால் என் வீட்டுக்கு வந்த மெக்கானிக் “கேஸ் கம்மியா இருக்கு சார், இருக்கறத விட்டுட்டு ஃபுல்லா அடிச்சுடறேன்” என்று சொல்லி, மிச்சம் இருந்ததை ஜன்னல் பக்கமாகத் திறந்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன், எனக்கும் அப்போது தெரியாது. அடுத்த கோடையில் மறுபடியும் கூலிங் இல்லை, ஏனென்றால் கசிவை யாரும் அடைக்கவே இல்லை. அதனால், கேஸ் குறைந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் முதல் கேள்வி “எங்கே லீக்?” என்பதாக இருக்கட்டும். நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை வைத்து லீக்கைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும், பழைய கேஸை சிலிண்டரில் பிடித்துக்கொள்கிற கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஸ்டிக்கரில் ஸ்டாரோடு கேஸ் பெயரையும் பாருங்கள். ஆர்-32 என்றால் பாதிப்பு ஆர்-410ஏவில் மூன்றில் ஒரு பங்கு, ஆர்-290 என்றால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வீட்டை மாற்றும்போதும் ஏசியைக் கழற்றுகிறவர் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இறக்கி வால்வை மூடிவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும்.

மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தால் ஏசியே கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் போதும். சுண்ணாம்பு அடித்தாலே மேல்மாடி அறையில் வித்தியாசம் தெரியும். மழைக்குப் பிறகு மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும், அது ஒரு தொல்லை.

சமையலுக்கு இண்டக்‌ஷன் மாறுங்கள் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இப்போதைக்கு ஈபி மின்சாரத்தில் ஓடுகிற இண்டக்‌ஷன் சிலிண்டரைவிட அதிகம் வெளியேற்றுகிறது. ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷனில் செய்ய நூறு யூனிட்டுக்கு மேல் வேண்டும், நிலக்கரி மின்சாரத்தில் அது 70, 80 கிலோ ஆகிவிடும், சிலிண்டருக்கு 42தான். உங்கள் மாடியில் சோலார் இருந்து, பகலில் சமைத்தால் கதையே வேறு. ஸ்கூட்டரில் நேர்மாறு. பெட்ரோல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 5 கிலோ, மின்சார வண்டி நிலக்கரி மின்சாரத்திலேயே ஓடினாலும் பாதிதான். ஆனால் மாதம் 50 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் நல்ல வண்டியை விற்றுவிட்டு ஓட வேண்டாம், பேட்டரி செய்யவும் கரி எரிகிறது. டவுன் பஸ் இருக்கிற ஊரில் பஸ்ஸுக்கு நிகர் எதுவும் இல்லை, அதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

மாடியில் சோலார்

சொந்த வீடும் நிழல் விழாத மாடியும் இருந்தால், ஒரு குடும்பம் செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை இதுதான். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி இடம் வேண்டும். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட், வருஷத்தில் 4,300 யூனிட்டுக்கு மேல், கரியமில வாயுவில் மூன்று டன். சித்தப்பா வீட்டு மொத்தக் கணக்கும் சமமாகிவிடுகிறது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்யகர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம், அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். தேசிய இணையதளத்தில் ஈபி கனெக்‌ஷன் எண்ணை வைத்துப் பதிவு செய்து, அதில் பட்டியலிட்ட வெண்டரிடம் மட்டும்தான் போட வேண்டும், பேனலும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். மானியம் வேலை முடிந்து மீட்டர் மாட்டிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். “மானியத்தை நாங்களே கழிச்சுக்கறோம்” என்று யாராவது வாயால் சொன்னால் எழுதி வாங்குங்கள். அடுக்குமாடி என்றால் லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்கு என்று சங்கத்தின் பெயரில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வீதம் மானியம் உண்டு.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருநாள் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடிக்குப் போய் நில்லுங்கள். தண்ணீர்த் தொட்டி நிழல், பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் அடிவாங்கலாம். கடற்கரைப் பக்கம் என்றால் சாதாரண இரும்பு ஸ்டாண்டு துருப்பிடித்துப்போகும், கால்வனைஸ் செய்ததைக் கேளுங்கள், புயல் காற்றுக்குத் தாங்குகிற மாதிரி கான்கிரீட்டில் பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் கூடவே நின்றுவிடும். உச்சி வெயிலில் கரண்ட் கட்டாகி, மாடியில் இரண்டு லட்ச ரூபாய் பேனல் பளபளவென்று சும்மா கிடக்க, கீழே விசிறியால் வீசிக்கொண்டிருக்கிற நிலைமை வரும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு உங்கள் மின்சாரம் அடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, குறை கிடையாது.

வீடு கட்டுகிறவர்களும் வயல் வைத்திருப்பவர்களும்

கட்டட வேலைக்கு சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்று மேஸ்திரிகள் கணக்குச் சொல்வார்கள். ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை, மூட்டைக்கு 30 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 12 டன். சித்தப்பா வீட்டு ஐந்து வருஷ ஈபி பில்லுக்குமேல் சிமெண்டிலேயே போய்விடுகிறது! எதுவும் கலக்காத ஓபிசி சிமெண்ட் கேட்காமல், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டோ இரும்பு ஆலைக் கசடு கலந்த பிஎஸ்சியோ கேளுங்கள், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கிற கிளிங்கர் அதில் அந்த அளவுக்குக் குறைவு. முதல் வாரங்களில் கொஞ்சம் மெதுவாக இறுகும், அதனால் தண்ணீர் பிடிப்பதில் சோம்பல் கூடாது. அதைவிட நல்லது, தேவையில்லாத அந்த மூன்றாவது பெட்ரூமைக் கட்டாமல் இருப்பது.

சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் உண்டு. எப்போதும் தண்ணீர் நிற்கிற வயலின் சேற்றில் காற்று இல்லாததால் மீத்தேன் உண்டாகிறது, நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு. இதற்கு மருந்து நம் ஆட்களிடம் பழசாகவே இருக்கிறது, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வார்களே, அதேதான். நட்டு இரண்டு வாரம் வரை களை வராமல் இருக்கத் தண்ணீரை வயலில் நிற்க விடுங்கள். பிறகு ஒரு அடி நீளத்தில் பிவிசி குழாயை வெட்டி, சுற்றிலும் ஓட்டை போட்டு, பாதிக்குமேல் மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கிற சேற்றை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினால் மறுபடியும் பாய்ச்சல். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. யூரியாவைக் காய்ந்த வயலில் போட்டு உடனே தண்ணீர் விடுங்கள். மீத்தேன் மூன்றில் ஒரு பங்காவது குறையும், மோட்டார் ஓடுகிற நேரமும் குறையும், மகசூல் குறையாது. வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற இடத்தில் இது சிரமம், போர் வைத்திருப்பவருக்குச் சுலபம்.

மரம் நடுவதைக் கிண்டல் செய்வதாக நினைக்காதீர்கள். நன்றாக வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்குப் பத்து, இருபது கிலோ உறிஞ்சும். மூன்று டன்னுக்கு எத்தனை மரம், அதற்கு எவ்வளவு இடம் என்று வகுத்துப் பாருங்கள். நிழலுக்கு நடுங்கள், வேப்பமர நிழலுக்கு ஈடு கிடையாது.

வீட்டுக்கு வெளியே

நாட்டு எண்ணை வீட்டு ஃபேன் மட்டும் நகர்த்தாது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுகிற மாதங்களில், வருகிற மின்சாரத்தை எடுத்துக்கொள்ள லைன் இல்லாமலோ நிலக்கரி நிலையத்தை அதற்குமேல் குறைக்க முடியாமலோ காற்றாலையை நிறுத்தச் சொன்ன நாட்கள் உண்டு. சேமிக்கிற பேட்டரி, லைன், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற நீரேற்று நிலையம், இதெல்லாம் வாரியமும் அரசும் செய்ய வேண்டியவை. நாம் கேட்பதற்கு இடம் இருக்கிறது. கட்டணம் மாற்றும்போது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கும், அப்போது எல்லோரும் கட்டணம் ஏற்றாதே என்றுதான் பேசுவார்கள். “போன வருஷம் எத்தனை யூனிட் காற்று மின்சாரத்தை வேண்டாம் என்றீர்கள், அதற்கு என்ன ஏற்பாடு?” என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எண்ணைக் கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு வருஷத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடிநீர் மோட்டாரைச் சோலாரில் ஓட்டுவது, குப்பையைக் கொளுத்துவதை நிறுத்துவது, ஓடையை அளந்து ஆக்கிரமிப்பை எடுப்பது என்று ஒன்றே ஒன்றை மட்டும் தீர்மானமாகக் கொண்டுபோங்கள். பத்து கொண்டுபோனால் ஒன்றும் நடக்காது, நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பகுதிக்குப் பெரிய தொழிற்சாலையோ மின்நிலையமோ வருகிறது என்றால் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம்.

இது போக, காசு செலவில்லாத வேலை ஒன்று: வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் சாயங்காலம் 6 மணியிலிருந்து நள்ளிரவுக்குள் போடாமல் மதியம் 11லிருந்து 3க்குள் போடுங்கள். மதியம் லைனில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கும், சாயங்காலம் சூரியன் இறங்கியதும் அந்த இடத்தை நிலக்கரிதான் நிரப்புகிறது.

சித்தப்பா எல்லாவற்றையும் படித்துவிட்டு ஃபேன் மூன்றையும் மாற்றினார், சோலாருக்கு மாடியில் கோடு போட்டு வைத்திருக்கிறார், கையெழுத்து இன்னும் போடவில்லை. அடுத்த பில் 418 யூனிட். போனில் அதைச் சொல்லிவிட்டு அவர் வைத்த ஒரே புகார், புது ஃபேன் சத்தமே போடுவதில்லையாம், ராத்திரி எழுந்து எழுந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறதாம்.